ஒன்பது மஞ்சள் சிலிண்டர்கள்

குவதலூப்பே
9 பிப்ரவரி 2003

டிக்னாவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. உன் அண்ணி மக்ஸிமா வழக்கம்போல் ரொட்டி சுடுகிறாள், வழக்கம்போல் என்னைத் திட்டுகிறாள். இந்தக் கடிதத்தை எழுதவைத்ததும் அவள்தான். "உன் தங்கச்சி பதினாலு வருஷமா முக்குளிக்கிறவங்களுக்கு சிலிண்டர்ல காத்து அடைச்சிக்கிட்டு இருக்கா. அவள விட்டுட்டு ஊர்ல இருக்கிற குடிகாரன் ஒருத்தன் விடாம யோசனை கேக்கிறியே, வெக்கமா இல்லையா உனக்கு?" என்றாள். வெட்கம் இருப்பதால்தான் உன்னிடம் கேட்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

விஷயம் இதுதான். சிங்கி இறால் படகுக்கு இனி போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பதினோரு பருவம் முக்குளித்தாயிற்று. இடது கால் பாதி நேரம் மரத்துக் கிடக்கிறது. என்னோடு இறங்கியவர்களில் மூன்று பேர் இப்போது எழுந்து நடப்பதில்லை. அப்பாவின் படகைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். பாறைகளையும் மீன்களையும் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் இறக்கிக் காட்டினால் பிழைத்துக்கொள்ளலாம். ஈஸ்டர் வாரத்தில் த்ருஹியோவில் கூட்டம் நெரியும். அதற்குள் தயாராகிவிட வேண்டும்.

புது சிலிண்டர் வாங்க நமக்கு வக்கில்லை. டேலாவில் ஒரு விடுதியை மூடுகிறார்கள். பதினாறு அலுமினிய சிலிண்டர்கள் விலைக்கு இருக்கின்றன, பளபளவென்று இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்தவன் சொன்னான். வாங்கும்முன் எதைப் பார்க்க வேண்டும்? படகில் நாங்கள் மோதிரத்தால் தட்டிப் பார்ப்போம், கணீரென்று கேட்டால் நல்லது. அது போதுமா?

கேப்டன் வாலஸ் சனிக்கிழமைப் படகில் இதைக் கொண்டுவருவார். பதில் எழுத இஷ்டமில்லை என்றால் கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. ஆறு பேர் முன்னால் என் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தவள் நீ. ஒரு கடிதம் உனக்கு எம்மாத்திரம்.

இலாரியோ


ரோவாத்தான்
17 பிப்ரவரி 2003

இலாரியோ அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

தட்டிப் பார்ப்பது போதாது. கழுத்தில் விரிசல் விட்ட சிலிண்டரும் கணீரென்றுதான் கேட்கும். பளபளப்பையும் நம்ப வேண்டாம். விற்கப்போகிறவன் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால், எதை மறைக்க அடித்தான் என்று யோசியுங்கள்.

முதலில் தோளில் குத்தியிருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். செய்த மாதமும் வருஷமும் அங்கே இருக்கும். அதை அடுத்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தத்தில் சோதித்த தேதிகள் இருக்கும். 1990க்கு முன் செய்த அலுமினிய சிலிண்டர் என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அந்தக் காலத்து அலுமினியத்தில் ஒரு வகை, கழுத்தின் உள்பக்கமாக விரிசல் விடும். வெளியே எதுவும் தெரியாது.

அடியில் போட்டிருக்கும் ரப்பர் கவசத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் அதற்குள்தான் தங்கி அரிக்கும். கழற்ற மாட்டேன் என்று ஒருவன் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும் என்று அர்த்தம். வால்வைத் துளி திறந்து மோந்து பாருங்கள். நல்ல காற்றுக்கு வாசனை கிடையாது. எண்ணெய் வாடையோ ஈர வாடையோ வந்தால் ஒதுக்கிவிடுங்கள். பிறகு காற்றை முழுக்க வெளியேற்றி, வால்வைக் கழற்றி, உள்ளே சின்ன விளக்கை இறக்குங்கள். வெள்ளைப் பொடி இருக்கிறதா, குழி இருக்கிறதா, கழுத்து மரையில் குறுக்கே கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். பல் வைத்தியர் வைத்திருக்கும் கண்ணாடி ஒன்று இத்துடன் இருக்கிறது. மரையை அதில்தான் பார்க்க முடியும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் லா சேய்பாவுக்கு அனுப்பி, தண்ணீர்ச் சோதனை செய்து, புதுத் தேதி குத்திய பிறகே வாங்குங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவனிடம் வாங்க வேண்டாம்.

ஆறு பேர் முன்னால் நடந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த சிலிண்டருக்குத் தேதி முடிந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. யார் கொண்டுவந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

மக்ஸிமாவுக்கு என் அன்பு.

டிக்னா


குவதலூப்பே
3 மார்ச் 2003

டிக்னாவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டேலாவுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதுசில் பிள்ளைகள் வாய்ப்பாடு வைத்திருப்பார்களே, அப்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் எடுத்து எடுத்துப் படித்தேன். விற்பவர் ரிகோபெர்த்தோ என்று ஒருவர், விடுதி மேலாளர். முதலில் காபி கொடுத்தார். நான் கண்ணாடியை எடுத்ததும் காபிக் கோப்பையை உள்ளே கொண்டுபோய்விட்டார்.

பதினாறில் நான்கு 1990க்கு முந்தியவை. தனியே நகர்த்தி வைத்தேன். ரப்பர் கவசத்தைக் கழற்றச் சொன்னதும் அந்த மனிதருக்கு முகம் மாறியது. "வீட்டுக்குப் போய்க் கழட்டிக்கங்க, இங்க அதுக்கு ஆள் இல்ல" என்றார். நானே கழற்றினேன். மூன்று சிலிண்டர்களின் அடியில் விரல் நுனி நுழைகிற அளவுக்குக் குழி. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "யாரு சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?" என்று கேட்டார். தங்கை என்று சொன்னேன். "நல்லவேளை, அவங்க வரல" என்றார். பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மீதி ஒன்பது. உள்ளே சுத்தமாக இருக்கின்றன. மரையில் கோடு இல்லை. லா சேய்பாவுக்கு அனுப்பச் சம்மதிக்க வைத்துவிட்டேன். சோதனையில் தேறினால்தான் என் கைக்கு வரும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். முன்பெல்லாம் எனக்கு "நீ" என்றுதான் எழுதுவாய். இப்போது "நீங்கள்", "பாருங்கள்", "வாங்குங்கள்". அரசாங்க ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கிறது. அன்றைக்கு உன் கடையிலும் அப்படித்தான் பேசினாய். ஒரு தேதிக்காக அண்ணனை அந்த வெள்ளைக்காரர்கள் நடுவில் நிற்கவைக்க வேண்டுமா? தண்ணீருக்குள் இறங்குகிறவன் நான். போனால் போவது என் உயிர். அதில் உனக்கு என்ன வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அம்மா இறந்த ஒன்பதாம் நாள் ஜெபத்திலும் பக்கத்தில் வந்து பேசினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதையும் சேர்த்தே கேட்கிறேன்.

இலாரியோ


ரோவாத்தான்
12 மார்ச் 2003

இலாரியோ அண்ணனுக்கு,

சிலிண்டர் வெடிப்பது தண்ணீருக்குள் அல்ல. காற்று அடைக்கும்போதுதான் வெடிக்கும். அப்போது நீங்கள் கடை வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் நிற்பது அடைக்கிறவள்.

இதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. 1999 செப்டம்பரில், நீங்கள் உங்கள் சிலிண்டரோடு வருவதற்குப் பத்து மாதம் முன்பு, ஒரு விருந்தாளி தன் சொந்த சிலிண்டரைக் கொண்டுவந்தார். பழைய அலுமினியம், ஆனால் கண்ணாடி போலத் துடைத்து வைத்திருந்தார். ஒர்லின் அதைக் குழாயில் மாட்டினான். என்னோடு ஏழு வருஷம் வேலை செய்தவன், இரண்டு பெண்குழந்தைகளுக்குத் தகப்பன். நான் அவனுக்கு வலப்பக்கம், கதவுக்கு அந்தப் பக்கம் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். பாதி அடைத்திருக்கும்போது கழுத்து பிய்ந்தது. சத்தம் கேட்டதாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை. கூரை போய்விட்டிருந்தது, வானம் தெரிந்தது. ஒர்லினை அடையாளம் காட்ட அவன் மனைவியைக் கூப்பிட வேண்டாம் என்று நானே போய்க் காட்டினேன்.

அன்றிலிருந்து எனக்கு இடது காது கேட்காது. அம்மாவுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்வாள் என்று மறைத்தேன். பிறகு மறைத்ததே பழக்கமாகிவிட்டது.

அம்மாவின் ஒன்பதாம் நாளில் நீங்கள் என்னிடம் பேசியது எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் நின்றீர்கள்?

டிக்னா


குவதலூப்பே
9 ஏப்ரல் 2003

டிக்னா,

இடப்பக்கம்.

அன்று நான் சொன்னது, "அம்மா கடைசிவர உன்னத்தான் கேட்டா" என்பதுதான். அதைக் கேட்டும் நீ அசையவில்லை என்று ஒன்றரை வருஷம் மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். இந்த வரியை எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒர்லின் குடும்பத்தைப் பற்றி மக்ஸிமா கேட்கிறாள். அவள் அழுதாள். நான் கடற்கரைக்குப் போய்விட்டேன்.

நல்ல சேதியும் இருக்கிறது. ஒன்பதும் சோதனையில் தேறிவிட்டன. ஒவ்வொன்றின் தோளிலும் "3 03" என்று புதுசாகக் குத்தியிருக்கிறார்கள். கடலில் இருந்து மீட்டெடுத்த பிள்ளைகளைத் தடவுவது போல ஒவ்வொரு எண்ணையும் தடவிப் பார்த்தேன். நீ பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது.

அப்பாவின் படகு நிறத்திலேயே பெயிண்ட் அடித்திருக்கிறேன், மஞ்சள், கழுத்தில் கறுப்பு வளையம். வால்வை எல்லாம் கழற்றி, உள்ளே ஒரு சொட்டுப் பெயிண்ட் போகாமல் கழுத்தில் துணி அடைத்துத்தான் அடித்தேன். தோளில் இருக்கும் எழுத்துகளை மூடவில்லை. ரிகோபெர்த்தோ மாதிரி மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது. அடித்ததும் அப்பா நங்கூரத்துக்கும் சுக்கான் கீலுக்கும் செய்வதுபோல் மக்ஸிமாவின் அடுப்பில் வைத்துச் சுட்டு எடுத்தேன். மும்மூன்றாக, ரொட்டி வைக்கிற அதே சூட்டில், தேங்காய் ரொட்டி வேகிற நேரம். மஞ்சள் சற்றுத் தேன் நிறமாகிவிட்டது, ஆனால் நகத்தால் கீறினாலும் பெயர்வதில்லை. உப்புக்காற்றில் இனி பத்து வருஷம் தாங்கும். அன்றைக்கு ரொட்டியில் பெயிண்ட் வாடை என்று ஊரே புகார்.

பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை த்ருஹியோவுக்கு எடுத்துப்போகிறேன். அங்கே டயர் கடைக்குப் பின்னால் டோன் எரஸ்மோ காற்று அடைக்கிற கம்ப்ரசர் வைத்திருக்கிறார். புதன்கிழமைக்கு நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீ சொன்ன ஒன்றையும் நான் விடவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும்.

உன் அண்ணன்
இலாரியோ


ரோவாத்தான்
14 ஏப்ரல் 2003, திங்கள்

அண்ணா,

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. வாலஸ் சனிக்கிழமை கொடுக்க மறந்துவிட்டாராம். இந்தப் பதில் உனக்குக் கிடைக்கும்போது செவ்வாய் போயிருக்கும். அதனால் முதலில் த்ருஹியோ வானொலிக்குப் போன் செய்தேன். ஊர்ச் சேதி வாசிக்கும் நேரத்தில் இன்று மாலையும் நாளைக் காலை இரண்டு முறையும் வாசிப்பதாகச் சொன்னார்கள். சுருக்கமாக இருந்தால்தான் வாசிப்பார்களாம். நான் சொன்னது இது:

"குவதலூப்பே இலாரியோ நோராலெஸுக்கு, தங்கை டிக்னா. அடுப்பில் வைத்த சிலிண்டரில் காற்று அடைக்காதே. அடைத்திருந்தால் பக்கத்தில் யாரையும் விடாதே."

காரணத்தை இங்கே எழுதுகிறேன். அலுமினியத்துக்கு பலம் கொடுத்திருப்பதே தொழிற்சாலையில் அதைப் பக்குவப்படுத்திய விதம்தான். ரொட்டி வேகிற சூட்டில் அந்தப் பக்குவம் போய்விடும். பார்க்க அப்படியே இருக்கும். தட்டினால் கணீரென்று கேட்கும். இனி அது சிலிண்டர் இல்லை, அதே உருவத்தில் ஒரு டப்பா. அதன் தோளில் போன மாதத்துத் தேதி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எரஸ்மோ யோசிக்காமல் அடைப்பார். நானாக இருந்தாலும் அடைத்திருப்பேன்.

தப்பு என்னுடையதும்தான். பெயிண்ட், ரப்பர், வாசனை, மரை எல்லாம் எழுதினேன். அடுப்பை எழுதவில்லை. வெளியூர்க்காரன் ஒருவனுக்கு அது தோன்றவே தோன்றாது. ஆனால் நான் அந்த வீட்டில் வளர்ந்தவள். அப்பா நங்கூரம் சுடும் நாளில் முதல் ரொட்டி வேண்டாம் என்று அடம்பிடித்தவள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்று யாருக்கும் காற்று அடைக்கவில்லை.

டிக்னா


குவதலூப்பே
18 ஏப்ரல் 2003, பெரிய வெள்ளி

டிக்னா,

எரஸ்மோ உயிரோடு இருக்கிறார். நானும். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

திங்கள் மாலை நாங்கள் வானொலி கேட்கவில்லை. பாட்டரி தீர்ந்திருந்தது. செவ்வாய்க் காலை இருட்டோடு கிளம்பிவிட்டேன். எரஸ்மோ ஒவ்வொரு சிலிண்டரின் தோளையும் படித்தார், தலையாட்டினார். "பழசு வாங்கினாலும் ஒழுங்கா வாங்கியிருக்க, இலாரியோ" என்றார். இரண்டை நிரப்பிவிட்டு மூன்றாவதை மாட்டினார். அந்த மனிதருக்கு ஒரு வழக்கம் உண்டு. அடைக்கும் நேரம் முழுக்க உள்ளங்கையை சிலிண்டர் மேல் வைத்திருப்பார். சூடு ஏறினால் குறைப்பதற்கு. நான் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ எழுதியது போலவே.

டயர் கடையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. காணாமல்போன கழுதை ஒன்று, ஒரு பிறந்தநாள் வாழ்த்து, அதற்கடுத்து என் பெயர். கம்ப்ரசர் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது. டயர் கடைக்காரர்தான் கத்தினார். எரஸ்மோ கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"இலாரியோ நோராலெஸ் நீதானே?"

"நான்தான்."

"அடுப்புல வெச்சியா இத?"

"ரொட்டி அடுப்புல. பெயிண்ட் காய."

"தேதி போன மாசம்தானே இருக்கு."

"தேதி குத்துனதுக்கு அப்புறம்தான் வெச்சேன், டோன் எரஸ்மோ."

அவர் எஞ்சினை நிறுத்தினார். கையை மெதுவாக எடுத்தார். டயர் கடையில் இருந்த அத்தனை பேரையும் தெருமுனைக்கு அனுப்பினார். பிறகு நிரம்பிய இரண்டையும் பாதி நிரம்பியதையும் யார் திறந்துவிடுவது என்று கேள்வி வந்தது. அவர் கிளம்பினார். நான் விடவில்லை. என் சிலிண்டர், நான்தான் போக வேண்டும். மூன்று வால்வுகளையும் ஒவ்வொன்றாகத் துளித்துளி திறந்துவிட்டு வந்தேன். பதினோரு பருவத்தில், கண் இருண்டு மேலே வந்த நாட்களில்கூட, அப்படிப் பயந்ததில்லை. ஒர்லின் நின்ற இடத்தில் நிற்கிறேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. நீ தினமும் அங்கேதான் நிற்கிறாய்.

காற்று முழுக்கப் போக ஒன்றேகால் மணிநேரம் ஆனது. எரஸ்மோ தெரு ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழம என் பேத்திக்கு ஞானஸ்நானம்" என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒன்பதிலும் துளை போட்டாயிற்று. அவரே போட்டார், நான் பிடித்துக்கொண்டேன். யாரும் எடுத்து அடைத்துவிட முடியாத அளவுக்குப் பெரிய துளை. புதன்கிழமை வந்த நான்கு பேருக்கும் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கொடுத்து மேலே மிதக்கவிட்டேன். மிதந்தே பார்த்துவிட்டு சந்தோஷமாகப் போனார்கள். கொஞ்ச நாளைக்கு இப்படியே ஓட்டுவேன்.

ஊரில் என் நிலைமையைக் கேட்காதே. ரொட்டி வாங்க வருகிறவர்கள் எல்லாம் "மக்ஸிமா, சிலிண்டர் சூடா இருக்கா?" என்கிறார்கள். பாதிரியார்கூட விடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஆறு பேர் முன்னால் என்னைத் திருப்பி அனுப்பினாய். இந்த முறை த்ருஹியோவிலிருந்து லா சேய்பாவரை வானொலி வைத்திருக்கிற அத்தனை பேர் முன்னாலும். எனக்குக் கோபம் வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. வானொலியில் நீ என்னை "நீ" என்று சொன்னதைத்தான் மக்ஸிமாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

எப்போதாவது மறுபடி சிலிண்டர் வாங்குவேன். வாங்கினால் நேரே உன் கடைக்குத்தான் கொண்டுவருவேன். கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவேன். திருப்பி அனுப்ப வேண்டியது என்றால் எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பு.

இலாரியோ


ரோவாத்தான்
26 ஏப்ரல் 2003

அண்ணா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு ஒர்லின் வீட்டுக்குப் போய் அவன் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். எரஸ்மோவின் பேத்திக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்டாள். தெரிந்தால் எழுது.

எங்கள் கடையில் ஜூன் மாதம் நான்கு சிலிண்டர்களை விற்கப்போகிறார்கள். 1996இல் செய்தவை. ஏழு வருஷமாக என் கையால் அடைத்தவை. நல்லவை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் பேச்சை நம்பி வாங்காதே. அந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா. ரப்பரைக் கழற்று, மோந்து பார், மரையைப் பார். நான் பக்கத்தில் இருந்தாலும் பார்.

காலை ஏழு மணிக்குத் திறப்போம். வந்ததும் எனக்கு வலப்பக்கமாக நில். அன்று அம்மாவைப் பற்றிச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு.

டிக்னா